குமரிக் கடல் மேலாண்மை

கன்னியாகுமரி மாவட்டக் கடலில் மீன்வளமும் மீனவர் வாழ்வும் சேர்ந்து நிலைக்க ஊர்களும் அரசுகளும் வகுத்த ஒழுங்குகளின் வரலாறு. மாவட்டக் கடற்கரை கிழக்கே ஆரோக்கியபுரம் முதல் மேற்கே நீரோடி வரை ஏறத்தாழ 70 கி.மீ. நீளமுடையது. குமரிமுனையின் இருபுறமும் காற்றும் மீன்வரத்தும் வேறுபடுவதால், ஒரே விதி கரை முழுவதற்கும் பொருந்துவதில்லை.

தொடக்க காலம்

பழைய ஒழுங்குகளுக்கு எழுத்துச் சான்றுகள் குறைவு. 1544-இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரையில் பணியாற்றிய பின், ஊர்கள் பலவும் கத்தோலிக்கப் பங்குகளாக அமைந்தன. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்ற வழக்கம் கடலுக்கும் ஓய்வு தந்தது. பிடிபட்ட மீனில் கோயிலுக்குச் சேர வேண்டியது 'குத்தகை' எனப்பட்டது. எந்த வலையை அனுமதிப்பது, எதை விலக்குவது என்பதை ஊரே கூடி முடிவு செய்ததுண்டு. இவ்வழக்கங்கள் மீன்வளத்தைக் காக்கத் தோன்றினவா, பங்கீட்டுப் பூசலைத் தவிர்க்கத் தோன்றினவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மலைமுகடுகளையும் கோயில் கோபுரங்களையும் நேர்வைத்து, நீருக்கடியிலுள்ள பாறைத் திட்டுகளான பார்களைத் தப்பாமல் கண்டறிந்த கட்டுமரக்காரரின் அறிவே இக்கடலின் முதல் வரைபடம்.

வெட்ஜ் பேங்க்

குமரிமுனைக்குத் தெற்கே சுமார் 10,000 சதுர கி.மீ. பரந்த வெட்ஜ் பேங்க் என்ற மீன்வளத் திட்டை 1920-களில் இலங்கையின் 'லில்லா' என்ற கப்பல் ஆய்வு செய்தது. 1976 மார்ச் மாத இந்திய–இலங்கை உடன்பாட்டில் இதன் மீதான இறையாண்மை உரிமை இந்தியாவுக்கு உரியதென ஏற்கப்பட்டது. இலங்கைக்கு 3 ஆண்டுகளுக்கு மட்டும், 6 கப்பல்களுக்கு மிகாமல், ஆண்டுக்கு 2,000 டன் வரை பிடிக்க இசைவு தரப்பட்டது. கலங்களின் எண்ணிக்கைக்கும் பிடிப்பின் அளவுக்கும் ஒருசேர வரம்பு கட்டிய இந்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது.

இழுவைமடிப் பூசல்

1952-இல் கையெழுத்தான இந்திய–நார்வே திட்டம் கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் விசைப்படகுகளை அறிமுகப்படுத்தியது. இறால் ஏற்றுமதி வளரவே, அடித்தளத்தை வாரிச் செல்லும் இழுவைமடி தெற்கேயும் பரவியது. இறால் கரையோரத்தில்தான் மிகுதி. கட்டுமரமும் வள்ளமும் வலை விரிப்பதும் அங்கேதான். வலைகள் அறுபட்டன, படகுகள் சிறைபிடிக்கப்பட்டன, ஊருக்கும் ஊருக்கும் மோதல் மூண்டது.

1983-இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைல் வரையிலான பரப்பைச் சிறுதொழில் மீனவருக்கு ஒதுக்கியது. விசைப்படகுகள் காலை 5 மணிக்கு முன் புறப்படக்கூடாது, இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்றும் விதித்தது. கடலை இடத்தாலும் நேரத்தாலும் பகுத்த இச்சட்டம் முறையாக நடைமுறைப்படுத்தப்படவில்லை என்பது கட்டுமர மீனவரின் நீண்டகாலக் குறை. பல நாள் கடலில் தங்கிப் பிடிக்கும் தங்கு கடல் தொழிலுக்கு நேர வரம்பு பொருந்தாது என்பது ஆழ்கடல் மீனவரின் வாதம்.

1989 பிப்ரவரியில் 10,500 சதுர கி.மீ. பரப்புள்ள மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அது இராமேஸ்வரம் முதல் கன்னியாகுமரி வரை நீள்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில், நீரையும் உயிரையும் காப்போம் என்ற முழக்கத்துடன் தேசிய மீன்தொழிலாளர் பேரவையின் நடைப்பயணம் இரு கரைகளிலிருந்தும் புறப்பட்டு, மே 1-ஆம் நாள் கன்னியாகுமரியில் கூடியது. பேரணி கலவரத்திலும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டிலும் முடிந்தது. கலவரம் தொடங்கிய விதம் பற்றி ஒருமித்த கூற்று இல்லை. கடலைக் காக்கும் கோரிக்கையை மீனவரே முன்வைத்து நாடு தழுவி நடந்தது என்பதால், இப்பயணம் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுகிறது.

சுறாத் தடையும் மீன்பிடித் தடைக்காலமும்

2001 ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, அவற்றைப் பிடிப்பது தடை செய்யப்பட்டது. தூத்தூர் வட்டார ஊர்களின் ஆழ்கடல் தொழில் சுறாவை நம்பியது. எதிர்ப்பையடுத்து, அந்த டிசம்பரிலேயே தடை சில இனங்களுக்கு மட்டுமாகக் குறுக்கப்பட்டது.

அதே ஆண்டு தொடங்கிய 45 நாள் தடைக்காலம் 2017-இல் 61 நாட்களானது. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலங்கள் நிலவுவது இங்குள்ள சிறப்பு. கிழக்குக் கரையிலுள்ள சின்னமுட்டத்துப் படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையிலுள்ள முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடை உண்டு.

அண்மைக்காலம்

2016-இல் முன்மொழியப்பட்ட இனயம் துறைமுகம் மீனவரின் எதிர்ப்புக்குள்ளானது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல், ஆழ்கடலில் இருப்போரை எச்சரிக்க வழியில்லாத நிலையை வெளிப்படுத்தியது. 2019-இல் நார்வேயுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஒருங்கிணைந்த கடற்பரப்புத் திட்டமிடல் புதுச்சேரியிலும் இலட்சத்தீவிலும் முன்னோடியாகத் தொடங்கப்பட்டது. குமரிமுனையை ஒட்டிய கடலில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக்கு 2024-இல் ஏலம் அறிவிக்கப்பட்டபோது மீனவர் எதிர்த்தனர். மீனவரைக் கலந்தாலோசிக்காமல் வந்த சுறாத் தடை ஐந்து மாதங்களில் திருத்தப்பட்டதை நோக்க, இக்கடலுக்கான எத்திட்டமும் அவர்களோடு சேர்ந்தே வகுக்கப்பட வேண்டும்.