கிராஸ்மனின் நோட்டு

"ஐன்ஸ்டைன் கணக்குல ஃபெயில்" என்ற வாட்ஸ்அப் ஃபார்வேர்டு வருஷத்துக்கு நாலு தடவையாவது எனக்கு வந்துவிடுகிறது. பிளஸ் டூ ரிசல்ட் வாரத்தில் கண்டிப்பாக வரும். அது உண்மையில்லை என்று பலர் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுவோம். எனக்கு அதைவிட சுவாரசியமாகப் பட்டது வேறொரு கேள்வி. வகுப்புக்கே ஒழுங்காகப் போகாத ஆசாமி, கல்லூரியில் எப்படித்தான் பாஸ் பண்ணினார்?

பதில் ரொம்ப சாதாரணமானது. கூடப் படித்த நண்பனின் நோட்டை வாங்கிப் படித்தார். நம்மில் பாதிப் பேர் பாஸ் பண்ணிய அதே வழி.

இடம், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்து பாலிடெக்னிக். இன்று இ.டி.எச். சூரிச் என்று அழைக்கப்படும் நிறுவனம். நம்ம ஊர் டிப்ளமோ பாலிடெக்னிக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது பட்டப்படிப்பு நிலைக் கல்லூரி. 1896 அக்டோபரில் 17 வயது ஐன்ஸ்டைன் கணித, இயற்பியல் ஆசிரியர்களை உருவாக்கும் பிரிவில் சேர்கிறார். மிகச் சிறிய வகுப்பு. அதில் ஒருவர் புடாபெஸ்டில் பிறந்த மார்செல் கிராஸ்மன். இன்னொருவர் இன்றைய செர்பியாவிலிருந்து வந்த மிலேவா மாரிச், ஐன்ஸ்டைனைவிட மூன்று வயதுக்குச் சற்று அதிகமாக மூத்தவர், அந்த வகுப்பின் ஒரே பெண்.

அங்கே தேர்வு முறை எப்படி என்று பார்த்தால்தான் நோட்டின் அருமை புரியும். நமக்கு செமஸ்டர், இன்டர்னல், அசைன்மென்ட் என்று வருஷம் பூராவும் ஏதாவது ஒன்று இருக்கும். அவர்களுக்கு நான்கு வருஷத்தில் பெரிய தேர்வுகள் இரண்டுதான். நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. இடைப்பட்ட மாதங்களில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் தேர்வு என்று வந்தால் இரண்டு வருஷப் பாடமும் மொத்தமாகத் தலையில் வந்து விழும்.

ஐன்ஸ்டைனுக்கு இயற்பியல் பிரச்சினை இல்லை. பேராசிரியர் வெபரின் இயற்பியல் வகுப்புகளுக்குத் தானே உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறார், அந்தக் குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. அவர் டிமிக்கி கொடுத்தது பெரும்பாலும் கணித வகுப்புகளுக்கு. ஹுர்விட்ஸ், மின்கோவ்ஸ்கி மாதிரியான பெரிய தலைகள் பாடம் நடத்திய வகுப்புகள் அவை! அந்த நேரத்தில் இவர் அறையில் உட்கார்ந்து, சிலபஸில் இல்லாத இயற்பியல் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

கிராஸ்மன் நேர் எதிர். ஒரு வகுப்பு விட மாட்டார். கேட்டதை வீட்டுக்குப் போய் ஒழுங்குபடுத்தி எழுதிவிடுவார். அந்த நோட்டுகளை அப்படியே அச்சுக்கு அனுப்பியிருக்கலாம் என்று ஐன்ஸ்டைன் தன் கடைசி வருஷத்தில், 1955இல் எழுதிய சிறு நினைவுக் குறிப்பில் சொல்கிறார். ஜெராக்ஸ் இல்லாத காலம் என்பதை மறந்துவிடக் கூடாது. நோட்டு ஒருவர் கையில் இருந்தால் இன்னொருவர் கையில் இருக்காது. அதே தேர்வை எழுதப்போகும் போட்டியாளனிடம் அதைத் தூக்கிக் கொடுக்க ஒரு மனசு வேண்டும்.

1898 அக்டோபரில் இடைத்தேர்வு. ஆறுக்கு மதிப்பெண். ஐன்ஸ்டைன் சராசரி 5.7, முதலிடம். நோட்டு கொடுத்த கிராஸ்மன் 5.6, இரண்டாமிடம்.

இது ஒருவழிப் போக்குவரத்து இல்லை. இருவரும் வாரம் ஒருமுறை லிம்மட் ஆற்றங்கரை மெட்ரோபோல் கஃபேயில் உட்கார்ந்து பேசுவார்கள். இயற்பியலில் கிராஸ்மனுக்கு அவ்வளவு ஈடுபாடு கிடையாது. அவர் அடித்த ஒரு ஜோக்கை ஐன்ஸ்டைன் பதிவு செய்திருக்கிறார். வேறொருவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் அந்தச் சூடு பட்டாலே கிராஸ்மனுக்கு முன்பெல்லாம் உடம்பு கூசுமாம். வெப்பம் யாருக்கும் சொந்தமில்லாத வெறும் பௌதிக விஷயம் என்று இயற்பியல் சொல்லிக்கொடுத்த பிறகு அந்தக் கூச்சம் போய்விட்டதாம்.

நோட்டால் ஆகாத காரியங்களும் உண்டு. பெர்னே என்ற பேராசிரியரின் செய்முறை வகுப்பில் ஐன்ஸ்டைன் வாங்கியது 1, அதாவது இருப்பதிலேயே குறைந்த மதிப்பெண். கூடவே 1899இல் நிர்வாகத்தின் கண்டிப்பும். நண்பன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் லேபுக்கு நாம்தான் போகணும்.

இனி இந்தக் கதையில் வழக்கமாக ஒரு வரியில் தாண்டிப்போகும் இடம். மிலேவா 1897-98 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் போய்ப் படித்தார். சூரிச்சில் விட்டுப்போன பாடமெல்லாம் பாக்கி. எங்கள் நோட்டுகளில் சுருக்கமாகக் கிடைக்கும், பிடித்துவிடலாம் என்கிற தொனியில் ஐன்ஸ்டைன் அவருக்குக் கடிதம் எழுதுகிறார். மிலேவா திரும்பி வந்து, ஒரு வருஷம் தள்ளி 1899இல் இடைத்தேர்வை எழுதி 5.05 வாங்குகிறார். நல்ல மதிப்பெண்தான். அதன்பின் இருவரும் ஹெல்ம்ஹோல்ட்ஸ், போல்ட்ஸ்மன் என்று சேர்ந்து படிக்கிறார்கள். அற்புதமான கம்பைன் ஸ்டடி. என்ன, அது தேர்வுக்கான படிப்பு இல்லை.

1900 இறுதித் தேர்வை எழுதியவர்கள் ஐந்து பேர். கோல்ரோஸ், கிராஸ்மன், ஏராட் மூவரும் ஐந்துக்கு மேல். ஐன்ஸ்டைன் 4.91, தேறியவர்களில் கடைசி. மிலேவா 4.00. அவரை மட்டும் தேறவிடவில்லை. சார்புகளின் கோட்பாடு என்ற கணிதத் தாளில் அவர் வாங்கிய 2.5தான் காலை வாரியது. அடுத்த வருஷம் மறுபடி எழுதுகிறார், அப்போது அவர் கர்ப்பிணி. மறுபடியும் தோல்வி. படிப்பு அத்தோடு முடிந்தது.

ஐன்ஸ்டைனும் அந்த நேரத்தில் கரையேறிவிடவில்லை. தேறிய மற்ற மூவருக்கும் அதே கல்லூரியில் உதவியாளர் வேலை கிடைக்க, இவரை மட்டும் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. திரும்பவும் கைகொடுத்தது கிராஸ்மன்தான். தன் அப்பாவிடம் சொல்ல, அவர் பெர்ன் காப்புரிமை அலுவலக இயக்குநரிடம் சொல்ல, 1902 ஜூனில் மூன்றாம் நிலை தொழில்நுட்ப வல்லுநர் வேலை கிடைத்தது. வருஷத்துக்கு 3,500 ஃபிராங்க். 1905இன் புகழ்பெற்ற கட்டுரைகள் அந்த வேலையில் இருந்தபோது எழுதப்பட்டவை. அதே வருஷம் முடித்த முனைவர் பட்ட ஆய்வேட்டை நண்பர் கிராஸ்மனுக்கு அர்ப்பணித்தார்.

1912இல் ஐன்ஸ்டைன் அதே கல்லூரிக்குப் பேராசிரியராகத் திரும்புகிறார். கிராஸ்மன் அங்கே ஏற்கெனவே வடிவியல் பேராசிரியர். வளைந்த வெளியில் ஈர்ப்பை எப்படி எழுதுவது என்று தெரியாமல், நீ உதவாவிட்டால் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும் என்று ஐன்ஸ்டைன் கெஞ்சியதாக கோல்ரோஸ் பிற்பாடு நினைவுகூர்ந்தார். கிராஸ்மன் நூலகத்தில் தேடி ரீமன், ரிச்சி, லெவி-சிவிட்டா ஆகியோரின் கணிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு நிபந்தனையும் போட்டார், இயற்பியல் பகுதிக்குத் தான் பொறுப்பில்லை என்று. 1913இல் வந்த அவர்கள் கட்டுரை அதன்படியே இரண்டு பாகம். இயற்பியல் ஐன்ஸ்டைன், கணிதம் கிராஸ்மன். அதிலிருந்த சமன்பாடுகள் இறுதியானவை அல்ல, 1915 நவம்பரில்தான் ஐன்ஸ்டைன் சரியானவற்றை அடைந்தார். ஆனால் கணிதக் கருவி கிராஸ்மன் எடுத்துக்கொடுத்ததுதான். 1890களில் டிமிக்கி கொடுத்த கணிதத்துக்கு, பதினைந்து வருஷம் கழித்தும் அதே ஆளிடம்தான் நோட்டு வாங்க வேண்டியிருந்தது.

நான் மென்பொருள் துறையில் இருப்பவன். அடுத்தவர் எழுதிய கோடைப் பார்த்து வேலையை முடிப்பது எங்களுக்கு அன்றாடம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அதனால் நோட்டு வாங்கிப் படித்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. ஐன்ஸ்டைனுக்கு நோட்டு மட்டும் கிடைக்கவில்லை, விழுந்தபோது சிபாரிசு செய்ய நண்பனின் அப்பா இருந்தார், பத்து வருஷம் கழித்தும் திறந்த கதவு இருந்தது. அதே வகுப்பில், அதே பாடத்தைப் படித்து, 0.91 குறைவாக எடுத்த மிலேவாவுக்கு அப்படி ஒரு கை நீண்டதாக நான் படித்தவற்றில் எங்கும் இல்லை.

கிராஸ்மன் 1936இல் காலமானார். அவர் பெயரில் 1975 முதல் சர்வதேச சார்பியல் மாநாடு நடந்துவருகிறது. நோட்டுகள் இன்றும் சூரிச் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அடுத்த ரிசல்ட் வாரத்தில் அந்த ஃபார்வேர்டு வந்தால், இந்த 5.7, 5.6, 4.91, 4.00 நான்கையும் பதிலாக அனுப்பிப் பாருங்கள்.