வாசலா? வீடா?

எனக்கு முன்னால் வந்து, பிரவுசரை இந்த மேடைத் தூணிலேயே கட்டிவைத்து உதைத்துவிட்டுப் போன எதிரணித் தலைவி அம்மா அவர்களே!

தலைப்பு என்னங்க? கம்ப்யூட்டருக்குள் கள்வன் புகுவதற்குப் பெரிதும் காரணம் வாசலாகிய பிரவுசரா, வீடாகிய ஆபரேட்டிங் சிஸ்டமா? இதில் தமிழ் வாத்தியாருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்கு உலாவி என்றும் இதற்கு இயங்குதளம் என்றும் தமிழில் பேர் வைத்தது யாரு? பேர் வைத்தவனுக்குப் பிள்ளையைக் கண்டிக்கவும் உரிமை உண்டு. (சிரிப்பு)

புரியாதவர்களுக்கு ஒரு வரி. எந்தப் புரோகிராம் எந்த அறைக்குள் போகலாம், எந்தப் பெட்டியைத் திறக்கலாம் என்று உத்தரவு போடுவது ஆபரேட்டிங் சிஸ்டம். வெளியுலகத்தைப் பார்க்க நாம் எட்டிப் பார்க்கிற இடம் பிரவுசர். எதிரணி அம்மா என்ன சொன்னாங்க? "திருடன் வாசல் வழியாத்தானே வந்தான், அதனால வாசலைப் பிடிச்சு உள்ளே போடு" என்றார்கள். நான் ஒன்று கேட்கிறேன். வாசலே இல்லாத காலத்தில் திருட்டு நடக்கவில்லையா?

வரலாற்றைப் பாருங்க. உலகத்தின் முதல் பிரவுசரை டிம் பெர்னர்ஸ் லீ, ஜெனீவா பக்கத்தில் சேர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் எழுதியது 1990-இல். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1960-களில், அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்குபோட்டுப் பயன்படுத்தும் முறை வந்துவிட்டது. உள்ளே நுழைகிற எல்லோருக்கும் 'இன்றைய செய்தி' என்று ஓர் அறிவிப்பு வரும். ஒருநாள் அந்தச் செய்திக்குப் பதிலாக என்ன வந்தது தெரியுமா? அத்தனை பேருடைய பாஸ்வேர்டும் வரிசையாக வந்து விழுந்தது! ஒரு நிர்வாகி செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் இன்னொரு நிர்வாகி பாஸ்வேர்டுப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேருடைய தற்காலிகத் தாளுக்கும் சிஸ்டம் ஒரே பெயரைக் கொடுத்துவிட்டது. இட்லி மாவும் சுண்ணாம்பும் ஒரே சட்டியில்! அந்த சிஸ்டத்தை உருவாக்கிய கோர்பாட்டோவே, தமக்கு டூரிங் விருது கிடைத்தபோது ஆற்றிய உரையில் இதைச் சொல்லியிருக்கிறார். இதில் பிரவுசர் எங்கே? திருடன்தான் எங்கே? வீடே தன் சாவிக்கொத்தைத் தெருவில் எறிந்திருக்கிறது.

சரி, அது தற்செயல் என்பீர்கள். 1988 நவம்பர் 2-க்கு வருகிறேன். ராபர்ட் டப்பன் மோரிஸ் என்று கார்னெல் பல்கலைக்கழகத்து மாணவர். தானாகவே ஊர் ஊராகப் பரவும் ஒரு புரோகிராமை இன்டர்நெட்டில் அவிழ்த்துவிட்டார். புழு என்று அதற்குப் பேர். அப்போது இன்டர்நெட்டில் இருந்ததே ஏறக்குறைய 60,000 கம்ப்யூட்டர்கள்; அதில் 6,000 படுத்துவிட்டன என்பது அன்றைய மதிப்பீடு. எப்படிப் புகுந்தது? யுனிக்ஸ் சிஸ்டத்தோடு கூடவே வந்த ஒரு சின்ன புரோகிராம். "இன்னார் இருக்காரா?" என்று வெளியிலிருந்து கேட்டால் பதில் சொல்லும். கேள்வியை வாங்கி வைக்க 512 எழுத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தது. வருகிற கேள்வி எவ்வளவு நீளம் என்று மட்டும் அது அளந்து பார்க்கவே இல்லை.

நம்ம ஊரில் நெல் அளக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். மரக்கால் நிறைந்ததும் கை நின்றுவிடும். இங்கே கை நிற்கவில்லை. வழிந்த நெல் பக்கத்தில் இருந்த கணக்குப் புத்தகத்தின் மேல் விழுந்தது; சிஸ்டம் அந்த நெல்லையே முதலாளி எழுதிய உத்தரவு என்று படித்து, அதன்படி நடக்க ஆரம்பித்துவிட்டது! அளந்து பார்க்காத இந்த ஒரு சோம்பேறித்தனம் இருக்கிறதே, அதன் பிறகு எத்தனையோ பெரிய திருட்டுகளுக்கு இதுதான் கன்னக்கோல்.

வேடிக்கை என்ன தெரியுங்களா? அந்தப் பையனுடைய தகப்பனார், அமெரிக்க அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. அப்பா பூட்டு செய்கிறவர், பிள்ளை அதைத் திறந்து பார்க்கிறவர். மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரம் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம் என்று தண்டித்தார்கள். பின்னாளில் அவரே எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆகிவிட்டார். பேராசிரியர் வேலையும் ஒரு தண்டனைதான் என்பது விடைத்தாள் திருத்துகிற எனக்குத் தெரியும். (சிரிப்பு, கைதட்டல்)

இப்போது அம்மாவின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். இன்டர்நெட் எக்ஸ்புளோரர். அதில் இருந்த ஓட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக் காட்டினார்கள். எண்ணட்டும், மறுக்கவில்லை. ஆனால் அது வாசலா, வீடா? இதற்குத் தீர்ப்புச் சொல்ல நம்ம நடுவர் வேண்டாம், அமெரிக்க நீதிமன்றத்துக்கே போவோம். 1998 மே மாதம் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டது. விண்டோஸை வாங்குகிறவன் தலையில் பிரவுசரையும் சேர்த்துக் கட்டி, நெட்ஸ்கேப் என்ற போட்டிக் கம்பெனியை நசுக்கப் பார்க்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. மைக்ரோசாஃப்ட் வக்கீல்கள் என்ன வாதாடினார்கள்? "இது தனிச் சரக்கு இல்லீங்க, விண்டோஸின் அங்கம். பிரித்தால் விண்டோஸ் ஒழுங்காக ஓடாது" என்பதுதான் வாதம். பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன், பிரிக்க முடியும் என்று காட்ட ஒரு புரோகிராமே எழுதிக்கொண்டு வந்து சாட்சி சொன்னார். கம்பெனியை இரண்டாக உடைக்கச் சொல்லி நீதிபதி ஜாக்சன் 2000-இல் உத்தரவு போட்டார். மேல்முறையீட்டில் 2001-இல் அந்த உத்தரவு போய்விட்டது. அது வியாபாரச் சண்டை, நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது அந்த வாக்குமூலம். பெற்ற தாயே "இவன் என் உடம்பின் அங்கம்" என்று கோர்ட்டில் சொல்லிவிட்டாள். அப்புறம் அவன் செய்த குற்றத்தை யார் கணக்கில் எழுதுவது? அம்மா அடுக்கிய அத்தனை சாட்சியும் என் பக்கம் வந்துவிட்டதே!

ஒரு வேலைக்கு எவ்வளவு அதிகாரம் தேவையோ அவ்வளவுதான் கொடுக்க வேண்டும் என்று சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரண்டு அறிஞர்கள் 1975-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். தெரியாமல் நடந்த தப்பு இல்லை. ஆனால் விண்டோஸ் 95, 98 வீடுகளில் அறைக்கு அறை பூட்டே கிடையாது. 2001-இல் எக்ஸ்பி வந்தது; பூட்டு இருந்தது, வீட்டில் குடியேறுகிற எல்லோர் கையிலும் மொத்தச் சாவிக்கொத்தையும் கொடுத்துவிட்டார்கள். பால்காரர் வந்தால் வாசலில் நின்று பால் ஊற்றிவிட்டுப் போக வேண்டும். அவர் கையில் பீரோ சாவியைக் கொடுத்துவிட்டு, காலையில் நகையைக் காணோம் என்றதும் கதவைப் போய் அடிக்கிறீர்களே, நியாயமா?

2000 மே மாதத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து ஒரு காதல் கடிதம் கிளம்பியதே, நினைவிருக்கிறதா? ஈ-மெயிலில் வந்தது. பார்த்தால் சாதாரணக் கடிதம். பெயரின் கடைசியில் டி.எக்ஸ்.டி. என்றிருக்கும், அதற்கும் பின்னால் வி.பி.எஸ். என்று ஒரு வால் உண்டு. அந்த வால்தான் "நான் கடிதம் இல்லை, புரோகிராம்" என்று காட்டிக்கொடுக்கிற அடையாளம். அந்த வாலை விண்டோஸ் வழக்கமாகவே மறைத்துவிடும், பார்க்க அழகாக இருக்கட்டுமாம்! வேஷம் போட்டு வந்தவனுக்கு வீட்டுக்காரனே அரிதாரம் பூசிவிட்ட கதை இது. அனுப்பியவர் என்று பிடிபட்டவர் மேல் வழக்கு நடத்த அந்த நாட்டில் அன்று பொருத்தமான சட்டமும் இல்லை.

எதிரணி அம்மா சிலப்பதிகாரத்தைத் தொட்டார்கள். நானும் தொடுகிறேன். கண்ணகி வந்து நின்றபோது மதுரை அரண்மனையின் வாயிற்காவலன் என்ன தப்புச் செய்தான்? வந்திருப்பவள் எப்படிப்பட்ட கோலத்தில் நிற்கிறாள் என்று பார்த்து, உள்ளே போய் மன்னனிடம் சொல்லி, அனுமதி வாங்கித்தான் விட்டான். வாசல் ஒழுங்காக வேலை பார்த்தது. பொற்கொல்லன் சொன்னதை விசாரிக்காமல் நம்பி உத்தரவு போட்டது எது? உள்ளே இருந்த அரியணை! (நீண்ட கைதட்டல்)

நியாயத்தையும் பேச வேண்டும். 2010 ஜனவரியில் கூகுள் நிறுவனம் தன்மேல் நடந்த தாக்குதலை வெளியிட்டதே, அதில் கள்வன் வந்தது பிரவுசர் ஓட்டை வழியாகத்தான். ஜெர்மனி அரசின் பாதுகாப்பு அலுவலகமே "வேறு பிரவுசருக்கு மாறுங்கள்" என்று மக்களுக்குச் சொன்னது. அம்மா இதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள், அவர்களுக்காக நான் சொல்கிறேன். கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2008 செப்டம்பரில் வந்த குரோம், இன்டர்நெட்டிலிருந்து வருகிற சரக்கை ஒரு கூண்டுக்குள் வைத்தே பிரித்துப் பார்க்கும். உள்ளே பாம்பு இருந்தாலும் கூண்டைத் தாண்டி வருவது கடினம். நல்ல ஏற்பாடு. கூண்டைக் கட்டியது பிரவுசர், சரி. கம்பி கொடுத்தது யாரு? "இவனுக்கு இவ்வளவுதான் அதிகாரம்" என்று சொல்லி நிறுத்துகிற சக்தி ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத்தானே உண்டு!

இதெல்லாம் படித்தவர்களின் சண்டை, நமக்கென்ன என்று தாய்மார்கள் நினைக்கக் கூடாது. 2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை என்ற புழு. அது பரவ யாரும் பிரவுசரைத் திறக்க வேண்டியதில்லை, எதையும் அழுத்த வேண்டியதில்லை. கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள விண்டோஸ் வைத்திருந்த கொல்லைப்புற வழியாகவே வந்தது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு 300 டாலர் கொடு என்றது. இங்கிலாந்தில் அரசு மருத்துவ சேவையின் 236 அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கி வைத்திருந்தவர்களில் 19,000-க்கும் மேற்பட்டோரின் முறை ரத்தானது என்று பிறகு மதிப்பிட்டார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு போன மனுஷனைத் திருப்பி அனுப்பினால் அவருக்கு பிரவுசர் என்ன, சிஸ்டம் என்ன!

அந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டுத் துண்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. 59 நாள் இருந்தது, ஒட்டாதவர்கள் எத்தனையோ பேர். வள்ளுவர் 75-ஆவது அதிகாரத்துக்கு அரண் என்று பேர் வைத்தார். அதன் கடைசிக் குறளில், கோட்டைக்கு எத்தனை பெருமை இருந்தாலும் உள்ளே இருப்பவர்களிடம் செயல் இல்லையென்றால் பயனில்லை என்கிறார். அம்மா உடனே, "அப்போ தப்பு வீட்டின் மேல் இல்லை, வீட்டுக்காரர் மேல்தானே" என்று எழுந்திருப்பார்கள். உட்காருங்கம்மா. பிரவுசர் ராத்திரியோடு ராத்திரியாகத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. வீடு அப்படியா? பழைய ஸ்கேன் மெஷின் இந்தப் பழைய விண்டோஸில்தான் ஓடும், மாற்ற முடியாது என்று ஆஸ்பத்திரிகள் கைகட்டி நின்றன. மாற்ற விடாமல் பிடித்து வைத்திருந்தது வாசல் இல்லையே.

மணி அடித்துவிட்டார் நடுவர். ஒரே நிமிஷம் ஐயா. எங்க அக்கா பென்ஷன் வந்ததா என்று இன்னும் மேசைக் கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறார்கள். அதில் இருப்பது விண்டோஸ் 10. அதற்குப் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோனது. தனியாகப் பதிந்து கூடுதல் காலம் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் ஓட்டை அடைக்கும் துண்டு வரும். ஆனால் அதே கம்ப்யூட்டரில் அதன் பிறகும் பிரவுசருக்குப் புதுப் பதிப்பு வந்தது. தேக்குக் கதவுக்கு மாசாமாசம் மெருகு, பின்சுவர் மட்டும் அப்படியே. எதிரணித் தலைவி அம்மா அடுத்து எழுந்து வருவார்கள். அந்தப் பின்சுவரில் விழுகிற ஓட்டையைக் கதவின் கணக்கில் எப்படி எழுதுவார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்காரட்டும்.