டௌ சார்பின் முதல் பகா எண்

80561663527802406257321747 என்பது 26 இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண் ஆகும். இராமானுசனின் டௌ சார்பு தரும் மதிப்புகளில், குறியை நீக்கிப் பார்த்தால், முதன்முதலாக வரும் பகா எண் இதுவே. அமெரிக்கக் கணிதவியலாளர் டி. எச். லேமர் இதனை 1965இல் வெளியிட்டார்.

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துக்குத் தெற்கே, கொள்ளிடத்துக்கு அப்பால் உள்ள கும்பகோணத்தில் வளர்ந்தவர் சீனிவாச இராமானுசன் (1887–1920). கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1916இல் வெளியிட்ட கட்டுரையில் இச்சார்பை ஆராய்ந்தார். (1−க)(1−க²)(1−க³)... என முடிவின்றிச் செல்லும் பெருக்கத்தை 24ஆம் அடுக்குக்கு உயர்த்தி, க-வால் பெருக்கி விரித்தால் வரும் கெழுக்களே டௌ மதிப்புகள்: 1, −24, 252, −1472, 4830, −6048... முதல் 30 மதிப்புகளை அவர் அட்டவணையாகத் தந்தார்.

அந்த அட்டவணையைக் கூர்ந்து பார்த்தால் −24ஐ 252ஆல் பெருக்கினால் ஆறாவது மதிப்பான −6048 கிடைப்பது தெரியும். பொதுக் காரணி இல்லாத எந்த இரு எண்களுக்கும் இவ்வாறே அமையும் என்று இராமானுசன் நிறுவலின்றிக் கூறினார். மோர்டெல் அதை 1917இல் நிறுவினார். மதிப்புகளின் அளவுக்கு இராமானுசன் கணித்த வரம்பு மிகக் கடினமானது. அதை டெலின் நிறுவ 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பகா மதிப்பு ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது? ஒற்றை எண்ணின் வர்க்கத்துக்கு மட்டுமே டௌ மதிப்பு ஒற்றைப்படையாகும். மற்ற எல்லாம் இரட்டைப்படை. ஆகவே இராமானுசனின் 30 மதிப்புகளில் 1, 9, 25 ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே ஒற்றை எண் வருகிறது. டௌ(9) = 252² − 3¹¹ = −113643; இது 9ஆல் வகுபடும். டௌ(25) = −25499225; இது 25ஆல் வகுபடும். மேலும், மேலே சொன்ன பெருக்கற்பண்பினால் வெவ்வேறு பகாக் காரணிகள் கொண்ட இடங்களும் கழிந்துவிடுகின்றன. எஞ்சுபவை பகா எண்களின் இரட்டைப்படை அடுக்குகள் மட்டுமே. அவற்றிலும் 251க்கு முந்தைய பகா எண்களின் வர்க்கங்கள் எதுவும் தேறவில்லை. 251² = 63001 என்ற இடத்தில்தான், எதிர்க்குறியுடன், மேற்கண்ட எண் வருகிறது.

இராமானுசன் கண்ட புகழ்பெற்ற 691 விதிக்கும் இவ்வெண் கட்டுப்படுகிறது. 63001இன் வகுஎண்களான 1, 251, 63001 ஆகியவற்றின் 11ஆம் அடுக்குகளைக் கூட்டி 691ஆல் வகுத்தால் மீதி 206. டௌ(63001)க்கும் அதே மீதிதான். கையாலேயே சரிபார்த்துவிடலாம், பொறுமை மட்டும் வேண்டும்.

பின்னர் லிகெரோஸ், ரோசியே ஆகியோர் இத்தகைய மிகப் பெரிய எண்களைத் தேடினர். அவற்றுள் 157இன் 2206ஆம் அடுக்குக்குரிய டௌ மதிப்பு 26643 இலக்கங்கள் கொண்டது. மெர்சென் எண்களுக்கு லேமர் பெயரிலேயே உள்ள எளிய சோதனை இங்கே உதவாது. இது பகா எண் என்பது நீள்வட்ட வளைவுகளைக் கொண்டு நிறுவப்பட்டது.

டௌ மதிப்பு எங்கேனும் சுழியமாகுமா என்று லேமர் 1947இல் எழுப்பிய கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.