'எம்.பி. காசு' யாருடைய காசு?

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில், விடத்தல்தீவுக்கு முன்னால் இருக்கிறது பாப்பாமோட்டை. 2008இல் போர் கடந்துபோன கரை இது. இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போனால் என்னிடம் தவறாமல் வரும் கேள்வி ஒன்றுண்டு: எங்கட ஒழுங்கைக்கு எம்.பி. காசு எப்ப வரும்?

அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

1974இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி நாடாளுமன்ற உறுப்பினர் ஆண்டுதோறும் ஒரு தொகைக்கு வேலைகளை முன்மொழியலாம். பணம் அவர் கைக்கு வராது. முன்மொழிவு மாவட்டச் செயலகத்துக்குப் போகும்; வேலை பிரதேச செயலகம் ஊடாக நடக்கும். பெயர்ப்பலகையில் யார் பெயர் இருந்தாலும், பணம் நாம் கடையில் சாமான் வாங்கும்போது கட்டிய வரிதான்.

விகிதாசாரத் தேர்தல் முறை வந்தபின் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் ஒரே வன்னித் தேர்தல் மாவட்டம். மூன்றிலும் விருப்பு வாக்குத் தேட வேண்டியவர், நிதியையும் சிறிது சிறிதாகப் பிரிக்கிறார்: ஓர் ஊருக்குக் கிரவல், இன்னோர் ஊரின் சங்கத்துக்குக் கதிரைகள். குடிநீர்ப் பிரச்சினை அப்படியே கிடக்கிறது.

2018இல் 'கம்பெரலிய' வந்தது. எதிர்க்கட்சியிலிருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினரும் அதனூடாக வேலைகளை முன்மொழிந்தனர். உரிமை கேட்கப் போனவர்கள் ஒழுங்கை போடுகிறார்கள் என்ற விமர்சனமும் எழுந்தது. 2019இல் ஆட்சி மாறியதோடு திட்டம் நின்றது.

பெரிய நிதி அமைச்சரவையில்தான் தீர்மானமாகிறது. மன்னாரைச் சேர்ந்த ரிஷாட் பதியுதீன் 2007 முதல் 2010 வரை மீள்குடியேற்ற அமைச்சராக இருந்தார். தன் சமூகத்துக்கே அதிகம் செய்தார் என்று ஒரு தரப்பு சொல்கிறது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களை வேறு யார் கவனித்தார்கள் என்று மறுதரப்பு கேட்கிறது. இரண்டு தரப்பும் இடம்பெயர்ந்தவர்களே. யாருக்கு எவ்வளவு தேவை என்ற கணக்கு பொதுவில் இல்லாதபோது, அயலவர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்கத்தான் செய்வார்கள்.

அதிகாரம் முழுவதும் கையில் இருந்தால்? மகிந்த ராஜபக்ச தன் அம்பாந்தோட்டைக்கு 2010இல் துறைமுகத்தையும் 2013இல் மத்தல விமான நிலையத்தையும் கொண்டுபோனார். விமானங்கள் வரவில்லை. துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. கடன் நாடு முழுவதன் தலையிலும் விழுந்தது, பாப்பாமோட்டை உட்பட.

வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின், ஊருக்கும் கொழும்புக்கும் இடையில் கேள்வி கேட்க இருந்த ஒரு மன்றமும் இல்லாமல் போனது. ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எங்கள் கிராம அலுவலர் பிரிவுக்குக் கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்த நிதியில், எவ்வளவு, எந்த வேலைக்கு ஒதுக்கப்பட்டது என்று பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

காசு எப்ப வரும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதைத்தான்: வந்த காசின் கணக்கை முதலில் கேளுங்கள்.