பிடியரிசி



எங்கள் அம்மம்மாவின் குசினியில் அரிசிப் பானைக்கு அருகே ஒரு சிறிய பனையோலைப் பெட்டி இருக்கும். உலைக்கு அரிசி அளந்தெடுத்ததும் அதில் ஒரு பிடியை அள்ளி அந்தப் பெட்டியில் இடுவார். "இது போதகர் ஐயாவுக்கு" என்பார். வீட்டில் அரிசி குறைந்த நாளில் பிடி சிறுக்குமே தவிர, ஒருநாளும் தவறியதில்லை. "எங்களுக்கே காணாதபோது இதென்ன?" என்று சிறுவனாக நான் முணுமுணுத்ததுண்டு. அதன் விடை எனக்குச் சரித்திரத்தில்தான் கிடைத்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் அங்கிலிக்கன், பிரெஸ்பிற்றேரியன் குருமார் பலருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. பௌத்தரும் சைவரும் இஸ்லாமியரும் செலுத்திய வரியும் அந்தப் பணத்தில் கலந்திருந்தது. இந்த அநீதிக்கு எதிராகக் குரல்கள் எழுந்தன. 1881ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் அரச மானியம் விலக்கப்பட்டது. அதன்பின் சபையார் தங்கள் குருவைத் தாங்களே தாங்க வேண்டியதாயிற்று.

யாழ்ப்பாணத்திலோ 1816இல் வந்த அமெரிக்க மிஷனுக்குக் கடல் கடந்து பணம் வந்தது. ஆனால் அந்த மிஷனின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன், உள்ளூர்ச் சபை தன்னைத் தானே தாங்கி, தானே ஆண்டு, தானே பரவ வேண்டும் என்ற கொள்கையுடையவர். 1855இல் அவர் யாழ்ப்பாணத்துக்கும் வந்து போனார். கொள்கை எழுதுவது இலகு. நிறைவேற்ற வேண்டியவர்கள் கமக்காரர்களும் ஏழை விதவைகளும் அல்லவா? கையில் காசில்லாதவர் கொடுக்கக்கூடியது அரிசி. அதையும் ஒரு பிடியாகத்தான் கொடுக்க முடியும். அறுப்பின் பண்டிகையில் வாழைக்குலையும் பூசணியும் ஏலத்தில் போனதும் இந்த வகையே.

பணம் தருகிறவன் சொல்லுக்குப் பிரசங்கம் வளைவதும் உண்டு. ஊர்ப் பெரியவர் ஒருவர் மட்டும் போதகருக்குப் படியளந்தால், அவர் குற்றத்தைப் பிரசங்க மேடையிலிருந்து யார் கண்டிப்பது? நூறு வீட்டுப் பிடியரிசியில் உண்பவர் ஒரு வீட்டுக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

சிறு சபையால் தனியாக ஒரு போதகரைத் தாங்க முடியாது. மெதடிஸ்தர் பல சபைகளைச் சேகரமாக இணைத்து, ஒரே குருவைப் பகிர்ந்துகொண்டனர். அவர் வராத ஞாயிறுகளில் ஆசிரியரோ கமக்காரரோ, சம்பளமற்ற உபதேசியாராகப் பிரசங்கித்தார். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலும் சபைகள் பொது நிதிக்குத் தத்தம் பங்கைச் செலுத்தும் முறை வேரூன்றியது. வசதியுள்ள சபையின் பணம் வறிய சபையின் போதகரையும் தாங்கிற்று.

1902இல் யாழ்ப்பாணம் வந்த வி. எஸ். அசரியா, இங்குள்ள தமிழர் தம் சொந்தப் பணத்தில் தமிழகத்துக்கு ஊழியர் அனுப்புவதைக் கண்டு வியந்தார். மறுவருடம் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக, அந்த அனுபவமும் ஒரு தூண்டுதலாயிற்று. வாங்கிப் பழகிய கை கொடுக்கக் கற்றுக்கொண்டது.

அம்மம்மாவுக்கு இந்த ஆண்டுக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் கோயிலை "எங்கடை கோயில்" என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அந்த உரிமை ஓலைப்பெட்டியில் பிடி பிடியாகச் சேர்ந்தது.