மஞ்சளும் மஞ்சள் நிறமும்: ஓர் உணவுச் சாயத்தின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

தமிழில் மஞ்சள் என்பது ஒரு கிழங்கின் பெயர்; ஒரு நிறத்தின் பெயரும் அதுவேயாகும். சிங்களத்திற் 'கஹ' என்ற சொல்லும் வங்காள மொழியில் 'ஹொலுத்' என்ற சொல்லும் இவ்வாறே இரு பொருளையுந் தாங்கி நிற்கின்றன. கிழங்கையும் அதன் நிறத்தையும் வேறுபிரித்து நோக்கவேண்டிய தேவை எழாத ஒரு வாழ்க்கை முறையின் சுவடாக இதனைக் கொள்ளலாம். அவ்விரண்டும் எவ்வாறு பிரிந்தன, பிரிந்தபோது பாதிக்கப்பட்டோர் யாவர் என்பனவே நாம் இங்கு ஆராய முற்படும் வினாக்கள். 'இயற்கைச் சாயம், ஆகவே தீங்கற்றது' என இன்றைய விளம்பரங்கள் உரைக்குங் கூற்று இவ்வினாக்களை முற்றாக மறைத்துவிடுகின்றது.

மஞ்சள் விதையினாற் பெருகும் பயிரன்று. கிழங்கைப் பிளந்து நட்டாலன்றி அது பரவாது. எனவே அது சென்ற இடமெல்லாம் மனித உழைப்பும் உடன்சென்றிருக்கின்றது. அகழ்ந்தெடுத்த கிழங்கை அவித்து, வெயிலிற் பல நாள் உலர்த்தி, பின் மேற்றோல் நீங்கத் தேய்த்து மெருகேற்றுவர். அவிக்கும்போது நிறம் கிழங்கெங்கும் சீராகப் பரவுகின்றது. இம்மெருகேற்றும் கட்டத்தை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். அதற்கு நாம் மீளவேண்டியிருக்கும்.

கிழங்கிலிருந்து நிறத்தைத் தனியே பிரித்தவர்கள் வோகல், பெல்த்தியே என்ற இரு ஆய்வாளர்கள், ஆண்டு 1815. குர்குமின் எனப் பெயர்பெற்ற அப்பொருளின் இரசாயனக் கட்டமைப்பு 1910இல் நிறுவப்பட்டது. அது எண்ணெயிற் கரையும், நீரிற் கரைவதரிது. வெப்பத்தை ஓரளவு தாங்கும், ஒளியில் மங்கும். காரம் பட்டாற் சிவக்கும். குங்குமஞ் செய்வோர் மஞ்சளுடன் சுண்ணாம்பு சேர்ப்பது இக்காரணம் பற்றியே. மாஜரின், கடுகுக் குழம்பு, ஐஸ்கிறீம் ஆகியவற்றிற்கு நிறமூட்ட ஐரோப்பாவில் ஈ 100 என்ற இலக்கத்துடன் இது பயன்படுகின்றது. உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமிற்கும் நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கதென வரையறுத்துள்ளது. 50 கிலோகிராம் நிறையுடைய ஒருவருக்கு இது 150 மில்லிகிராம். நூற்றுக்கு மூன்று பங்கு குர்குமின் உள்ள மஞ்சள் தூளிற் கணக்கிட்டால் 5 கிராம். கறிச்சட்டியில் இந்த அளவை எட்டுவது எளிதன்று. மாத்திரை வடிவிற் செறிவூட்டி விற்கப்படுவதோ வேறு விடயம். அவ்வாறு உட்கொண்டோரிடையே ஈரல் அழற்சி கண்டமை பற்றி 2019இல் இத்தாலியில் அறிக்கைகள் வெளிவந்தன.

எனினும் மஞ்சளின் வரலாற்றிற் பெருந்தீங்கு குர்குமினால் விளைந்ததன்று. 1850களின் முற்பகுதியில் ஆதர் ஹில் ஹசல் என்ற மருத்துவர் இலண்டன் நகரக் கடைகளில் விற்ற உணவுப் பொருட்களை நுணுக்குக்காட்டியினூடே ஆராய்ந்து, முடிவுகளை 'லான்செற்' இதழில் வெளியிட்டார். கடுகுத்தூளிற் கோதுமை மா கலந்திருந்தது. மாவின் வெளிறிய தோற்றத்தை மறைக்க மஞ்சள் சேர்க்கப்பட்டிருந்தது. இனிப்புப் பண்டங்களில் ஈயக் குரோமேற்று என்ற நச்சு வர்ணம் காணப்பட்டது. ஆகவே தாவரச் சாயம் கலப்படத்திற்குத் திரையாகவும், தாதுச் சாயம் குழந்தையின் வாயில் நஞ்சாகவும் ஒரே சந்தையில், ஒரே இலாப நோக்கிற் பயன்பட்டமையைக் காண்கிறோம். 1860இல் பிரித்தானியப் பாராளுமன்றம் கலப்படத் தடைச் சட்டமொன்றை இயற்றியதற்கு இவ்வாய்வுகளும் காரணமாயின.

அதே ஈயக் குரோமேற்று, நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், வங்காளதேசத்தில் மஞ்சளையே பற்றிக்கொண்டது. 1980களின் வெள்ளத்தில் நனைந்து மங்கிய கிழங்குகளைப் பளிச்சிடச் செய்யவே இப்பழக்கம் தோன்றியதென ஆய்வாளரிடம் வணிகத்தோடு தொடர்புடையோர் கூறினர். மெருகேற்றும் ஆலையிற் கிழங்கோடு 'பெயூரி' எனப்பட்ட வர்ணத்தூளும் இடப்பட்டது. வெள்ளம் வடிந்தது, பழக்கம் வடியவில்லை. பளிச்சிடும் கிழங்குக்கு விலை மிகுதி. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தாரும் டாக்காவிலுள்ள சர்வதேச வயிற்றோட்ட நோய் ஆராய்ச்சி நிலையத்தாரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, மஞ்சள் மிகுதியாக விளையும் 9 மாவட்டங்களுள் 7இல் இக்கலப்படத்தின் சான்றுகளைக் கண்டது. கிராமத்துக் கர்ப்பிணிகளின் குருதியிலிருந்த ஈயத்தின் சமதானிகள் மஞ்சளிலிருந்த ஈயத்தோடு பொருந்தின. குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை ஈயத்திற் பாதுகாப்பான அளவென ஒன்றில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

இதற்கு உழவனை நோவதிற் பொருளில்லை. நிறத்தைக் கொண்டு விலையை நிர்ணயித்தது மொத்த வணிகம். வர்ணத்தூளை முதலில் மூச்சோடு உள்ளிழுத்தவர் ஆலைத் தொழிலாளர். 2019இல் அரசு டாக்காவின் சியாம்பஜார் சந்தையிற் சோதனை நடத்தித் தண்டம் விதித்தது. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் செய்தியைப் பரப்பின. அவ்வாண்டிற் சந்தை மாதிரிகளில் நூற்றுக்கு 47இல் காணப்பட்ட ஈயம், 2021இல் எதிலுங் காணப்படவில்லை. ஆலைத் தொழிலாளரின் குருதியிலும் ஈயத்தின் அளவு ஏறத்தாழ நூற்றுக்கு 30 குறைந்தது.

அதே 2019ஆம் ஆண்டின் இறுதியில், உள்நாட்டுச் செய்கையை வளர்க்கும் நோக்குடன், இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. உள்நாட்டு விளைச்சலோ தேவைக்குப் போதியதாக இருக்கவில்லை. நோக்கம் தவறானதன்று; விதைக்கிழங்கு நிலத்திலிருந்து எழ ஏறத்தாழ ஒன்பது மாதம் வேண்டுமென்ற சிறு உண்மை கணக்கில் எடுக்கப்படவில்லை போலும். 2020இல் சில நூறு ரூபாவிற்கு விற்ற ஒரு கிலோகிராம் பல ஆயிரமாக உயர்ந்தது. மா கலந்த தூள் கடைகளுக்கு வந்தது. தமிழகக் கரையிலிருந்து பாக்கு நீரிணையூடாகவும் மன்னார் வளைகுடாவூடாகவும் படகுகளிற் மூட்டைகள் வந்தன. கடற்படை கைப்பற்றியவை போக எஞ்சியவை, துறைமுகச் சோதனை எதற்கும் உட்படாமலே அடுக்களைகளை அடைந்தன.