ஏழில் பாதி மூன்றா, மூன்றரையா?

பைத்தான் என்றதும் மலைப்பாம்பு என்று நினைத்துவிடாதீர்கள். இன்ஜினியரிங் படிக்கும் நம் பேரப்பிள்ளைகள் எல்லோரும் கற்கிற கம்ப்யூட்டர் மொழி அது. பெயர்கூட மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவிலிருந்து வந்ததுதான். ஹாலந்துக்காரரான குய்டோ வான் ராசம் அதை 1991ல் வெளியிட்டார். 2000ல் இரண்டாம் பதிப்பு வந்தது. 2008 டிசம்பர் 3ல் மூன்றாம் பதிப்பு வந்தபோதுதான் வில்லங்கம் ஆரம்பித்தது. இரண்டில் எழுதிய புரோகிராம் பலவும் மூன்றில் அப்படியே ஓடாது. தெரிந்தேதான் அப்படிச் செய்தார்கள்.

காரணம் இருந்தது. பழைய பைத்தானில் 7ஐ 2ஆல் வகுத்தால் விடை 3. அரை காணாமல் போய்விடும்! முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்ணே வரும் என்பது விதி. பில் போட்டே காலம் கழித்த என் போன்றவர்களுக்கு இதைக் கேட்டாலே பதறும். மூன்றாம் பதிப்பில் விடை 3.5. அரை வேண்டாம் என்றால் சாய்வுக்கோட்டை இரண்டு முறை போட வேண்டும்.

இன்னொன்று நம் தமிழைத் தொட்டது. ‘அம்மா’ என்று சாதாரணமாக எழுதி நீளம் கேட்டால் பழைய பதிப்பு 15 என்னும், யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிப்பதால். புதியது 5 என்னும். நமக்கு மூன்றெழுத்துதான், ஆனாலும் 15க்கு 5 பரவாயில்லை.

என் அண்ணன் மகன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் 2012ல் புது வேலை தொடங்கினான். எந்தப் பதிப்பு என்று அவர்களுக்குள் ஒரு மாதம் சண்டை. “புதுசுதான் நல்லது சித்தப்பா, ஆனா கை கொடுக்க ஆளில்ல” என்றான். உண்மைதான். இணையதளம் கட்டுகிறவர்கள் நம்பியிருந்த ஜாங்கோ, 2013ல்தான் மூன்றாம் பதிப்புக்குச் சோதனையளவில் இடம் கொடுத்தது. கடைசியில் 2.7ல் தொடங்கினார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்வது எழுதிய முறையைத்தான். பழைய பதிப்பில் இருந்துகொண்டே புதிய முறை வகுத்தலைக் கேட்டு வாங்க, கோப்பின் தலையில் ஒரு வரி போட்டால் போதும். அந்த வசதி 2001லிருந்தே உண்டு. சிலர் போட்டார்கள், சிலர் போடவில்லை. ஆளுக்கொரு பாணி.

பாணிக்கும் 2001லேயே பெப் 8 என்ற விதித்தாள் இருக்கிறது. உள்தள்ள நான்கு இடைவெளி, ஒரு வரிக்கு 79 குறி. அந்தக் காலத்துத் துளை அட்டையில் 80 பத்திகள்; அந்த அகலம் திரைக்கும் தொற்றி இன்றுவரை வருகிறது என்பது என் எண்ணம். பிரெஞ்சு மீடியத்தில் படித்த நமக்கு இது புதிதல்ல. சிவப்புக் கோட்டைத் தாண்டி மார்ஜினில் ஒரு எழுத்து விழுந்தால் வாத்தியார் சும்மா விடுவாரா? பைத்தானில் உள்தள்ளலுக்கே அர்த்தம் உண்டு. தவறினால் புரோகிராம் ஓடாது, ஓடினாலும் வேறு வேலை செய்யும்.

1978ல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது, யானைத் துதிக்கை போல வளைந்த பழைய ‘லை’ உடனே செத்துவிடவில்லை. 1990ல் பிரெஞ்சில் வெங்காயத்துக்கான சொல்லிலிருந்து ஓசையில்லாத ஓர் எழுத்தை நீக்கினார்கள். பழையபடி எழுதுவதும் சரி என்றே விட்டார்கள். மனிதர்கள் இரண்டையும் படித்துக்கொள்வார்கள். மெஷினுக்கு அந்தத் தாராளம் இல்லை. பைத்தான் 2க்கு முதலில் 2015 என்று நாள் குறித்து, பிறகு 2020 ஜனவரி 1 வரை தவணை தந்தார்கள். அதற்குமேல் பழுது பார்க்க ஆளில்லை. கடைசியாக 2.7.18 ஏப்ரலில் வந்ததோடு சரி.

2019 முழுக்க அண்ணன் மகன் கூட்டம் மாற்றி எழுதியது. மாற்றித் தர ஒரு கருவி உண்டு. அது ஆயிரம் வரிகளை நொடியில் திருத்தும். வகுத்தலை மட்டும் தொடாது. எழுதியவர் மனதில் இருந்தது மூன்றா, மூன்றரையா என்று அதற்கு எப்படித் தெரியும்? தலையில் அந்த ஒரு வரி இருந்த கோப்புகள் ஒரு வாரத்தில் முடிந்தன. மற்றவற்றில் ஒவ்வொரு சாய்வுக்கோட்டையும் கையால் பார்த்தார்கள். தள்ளுபடியைப் பங்கு பிரிக்கும் ஓரிடத்தில் வாடிக்கையாளரின் அரை ரூபாய் ஏழு வருஷமாக விழுந்துகொண்டிருந்தது. வேண்டுமென்றே விட்டதா, கவனிக்காமல் போனதா என்று கேட்க, எழுதியவர் வேலையை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.